நிறத்துக்கு எடை இல்லை

நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாக இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் இவ்வளவு நல்ல தேநீர் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணாடி டம்ளரில் தந்ததும் வசதியாகப் போயிற்று. என் வேலை என்ன என்று கேட்டீர்களே, இதை வைத்தே சொல்லிவிடலாம்.

டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உள்ளே நிற்கும் கரண்டி ஒடிந்த மாதிரித் தெரிகிறதா? அது வெளிச்சம் வளைவதால். தேநீர் பழுப்பாகத் தெரிவது, வெளிச்சத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடுவதால். ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும், எவ்வளவு விழுங்கும் என்பது அதற்குள் என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இப்போது இந்தத் தேநீரில் ஒரு சொட்டை எடுத்து, தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்காக நுணுக்கி, காற்றில் மிதக்கவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மரம் எரிந்தாலும் வண்டி ஓடினாலும் அப்படிப்பட்ட துகள்கள் கோடிக்கணக்கில் கிளம்புகின்றன. கரிமத் துகள்கள் என்போம். ஒன்றைப் பிடித்துத் தராசில் வைக்க முடியாது. ஆனால் அதன் உட்பொருள் தெரிந்தால், அது தேன் மாதிரி ஒட்டுமா, கண்ணாடி மாதிரி இறுகுமா, எந்தச் சூட்டில் ஆவியாகும், எவ்வளவு கனம், வெளிச்சத்தை என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு சமன்பாடு உண்டு. அது என்னுடையது. பதினோரு வருட வேலை. ஆய்வகத்தில் எனக்கு ஜோசியர் என்று பெயர். நான் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் ஜோசியர் தப்பாகச் சொன்னால் கிரகத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். எனக்கு அந்த வசதி கிடையாது.

உங்கள் மேஜையில் இருக்கிற பொருள்களை நான் வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உலர் அடுப்பின் பதிவேடு, என் குறிப்பேடு, மூடி போட்ட ஒன்பது சின்னத் தட்டுகள். இவை எதற்கு என்று புரிகிறது. அந்த ஒட்டுநாடாச் சுருள் ஏன் இங்கே இருக்கிறது என்று மட்டும் புரியவில்லை. போகட்டும், முறையாகவே வருவோம்.

ஊரில் விளக்குக் கம்பங்களில் வெள்ளைப் பெட்டிகள் பார்த்திருப்பீர்கள். மொத்தம் இருநூற்றுப் பத்து. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விசிறி, ஒரு நீல ஒளிக்கற்றை. காற்று உள்ளே போகிறது; துகளின் மேல் பட்டு ஒளி சிதறுகிறது; சிதறியதைப் பெட்டி அளக்கிறது. அந்த ஒளியிலிருந்து எடைக்குப் போக வேண்டுமானால் துகளின் குணம் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கொடுப்பது என் சமன்பாடு. வானொலியில் மணிக்கொரு தரம் வாசிக்கிற எண் அப்படித்தான் வருகிறது. எண் நூற்றைம்பதைத் தாண்டினால் அந்தப் பகுதி மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்பது நகராட்சி விதி.

என் சமன்பாடு வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றை நீங்கள் மறந்திருக்கலாம். ஒரு பனிக் காலையில் பெட்டிகள் வெறும் மூடுபனியைப் புகை என்று எண்ணிக்கொண்டு முந்நூறைக் காட்டின. பதினோராயிரம் பேரை வீட்டைவிட்டுக் கிளப்பினார்கள். தங்குமிடத்துப் படிக்கட்டில் ஒரு கிழவி விழுந்து இறந்துபோனாள். நெரிசலில் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது. அதற்கு விசாரணை வைத்தார்களா? யாரையாவது கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்களா? காற்று சுத்தமாக இருந்த நாளில் செத்தவர்களுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டிகளில் என் சமன்பாட்டை ஏற்றினார்கள். ஆறு வருடம் ஒரு பொய் எச்சரிக்கை இல்லை. இந்த வருடம் வேறு நாற்பது நகரங்கள் அதை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தன. மரத்தூள் மேடு புகையத் தொடங்கியது அந்த நேரத்தில்தான்.

மரப்பலகைத் தொழிற்சாலைக்குப் பின்னால், ஆற்றங்கரைக் குடியிருப்பை ஒட்டி, நான்கு மாடி உயரத்துக்கு மரத்தூள் குவிந்து கிடந்தது. திங்கட்கிழமை காலை அது உள்ளுக்குள்ளே பற்றிக்கொண்டது. கொழுந்துவிட்டு எரியவில்லை, புகைந்தது. தண்ணீரைப் பீய்ச்சினால் மேல்தோல் அணைந்தது, உள்ளே கனன்றது. நான் ஆய்வக மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். சூரியன் செம்பு நாணயம் மாதிரி இருந்தது. கண்ணால் பார்ப்பதற்கு என் தொழிலில் மதிப்புக் கிடையாது, ஆகையால் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. கீழே வந்து எண்ணைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. கஷ்டமான காற்று, ஆனால் இருக்கக்கூடிய காற்று.

இப்போது தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே தராசு என்று நான் சொல்வது ஒரு பெண்ணை. எங்கள் எடை அறையில் பதினாறு வருடமாக இருப்பவர். எடை அறை என்பது ஜன்னல் இல்லாத சின்ன அறை. உள்ளே சூடும் ஈரமும் கூடாமல் குறையாமல் வைத்திருப்போம். கொசுவின் ஒற்றைக் காலைக்கூட நிறுக்கும் தராசு ஒன்று கருங்கல் மேடையில் இருக்கும். அந்த அம்மாவுக்கு அதன் பெயரே ஒட்டிக்கொண்டது. எதைக் கண்டாலும் நிறுப்பார். தபால், மாத்திரை, ஒருமுறை தன் திருமண மோதிரம். "பதினெட்டு வருஷத்துல பன்னெண்டு மில்லிகிராம் தேஞ்சிருக்கு சார். மனுஷன் தேயலை, மோதிரம் தேஞ்சிருக்கு" என்று சிரித்தார். நிறுத்த எடையைப் பென்சிலால் அந்தப் பொருளின் விளிம்பிலேயே எழுதிவைப்பது அவர் வழக்கம்.

அவர் நிறுப்பது வடிகட்டிகளை. ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தின் கூரையில் ஒரு பம்பு இருபத்து நான்கு மணி நேரம் காற்றை இழுத்து, உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை வட்டம் ஒன்றின் வழியே விடும். துகளெல்லாம் அதில் படியும். காலை ஆறு மணிக்கு வட்டத்தை மாற்றி, எடை அறையில் ஒரு நாள் ஆறவிட்டு, மறுநாள் நிறுப்பார்கள். வித்தியாசம்தான் உண்மையான எடை. இதில் சமன்பாடு எதுவும் கிடையாது. பெட்டியும் வடிகட்டியும் முரண்பட்டால் வடிகட்டி சொல்வதே செல்லும். வடிகட்டிதான் நீதிபதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை பத்தரைக்குத் தராசு என் அறைக்கு வந்தார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. முந்நூத்திப் பதினாறு."

"எது?"

"நேத்துக் காலையில எடுத்த வடிகட்டி. பெட்டி நூத்திப் பன்னெண்டுதானே சொல்லுது?"

"மறுபடி நிறுத்துப் பாருங்க."

"மூணு தடவை நிறுத்தாச்சு. அது என் பேச்சையும் கேக்காது, உங்க பேச்சையும் கேக்காது சார்."

வட்டத்தை வாங்கிப் பார்த்தேன். இந்தத் தேநீரின் நிறம். என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கொழுந்துவிட்டு எரியும் மரத்தின் துகள் வேறு, மூச்சடைத்துப் புகையும் மரத்தின் துகள் வேறு. இது தார் மாதிரியான பழுப்புத் துகள்; நீல ஒளியைச் சிதறவிடாமல் விழுங்கிவிடும். என் சமன்பாடு இதைத் தெளிவான துகள் என்று கணித்திருந்தது. ஆகவே பெட்டிகள் மூன்றில் ஒரு பங்கையே கண்டன. மீதி இரண்டு பங்கும் அவற்றுக்குத் தெரியாமலே தெருவில் நடமாடிக்கொண்டிருந்தன.

அரை மணியில் எங்கள் ஆய்வக இயக்குநர் தொலைபேசியில் வந்தார். "ஜோசியரே, பெட்டி ஒண்ணு சொல்லுது, வடிகட்டி ஒண்ணு சொல்லுதாமே. எதை நம்புறது?"

"வடிகட்டியில ஈரம் ஏறியிருக்கு. உலர்த்திட்டுச் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி" என்றார். அவ்வளவுதான். ஓர் ஊரின் விதி இவ்வளவு சின்ன உரையாடலில் முடியும் என்பதில் நீங்கள் வேண்டுமானால் ஆச்சரியப்படலாம். எனக்கு வியப்பில்லை. பதினோரு வருடம் சரியாகச் சொன்னவனுக்குக் கிடைக்கும் மரியாதை அது.

வடிகட்டியில் ஈரம் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதற்காக என்னைச் சுற்றிவளைக்க வேண்டாம்.

மதியம் தராசு சாப்பிடப் போயிருந்தபோது என் மேஜையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இந்தத் துகளில் எந்தப் பொருள் எந்தச் சூட்டில் ஆவியாகும் என்பதும் என் சமன்பாட்டில் உண்டு அல்லவா? முந்நூற்றுப் பதினாறு நூற்றுப் பதினைந்தாக இறங்க என்ன சூடு, எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நூற்றுப் பத்து டிகிரி, மூன்று மணி நாற்பது நிமிடம் என்று விடை வந்தது. வட்டத்தைத் தட்டில் வைத்து உலர் அடுப்பில் போட்டேன். மறுநாள் தராசு நிறுத்தார். நூற்றுப் பதினேழு.

நீங்கள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தால் நன்றாக இருக்கும். கணித்தது நூற்றுப் பதினைந்து, கிடைத்தது நூற்றுப் பதினேழு. இதற்கு முன் யாரும் அளந்திராத ஒரு துகளில், இரண்டு சதவீதத்துக்குள். சமன்பாடு தவறு என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறாராம். தவறான சமன்பாடு இதைச் செய்யுமா? அவரால் இதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

அதற்கு முன், புதன்கிழமை சாயங்காலமே தராசிடம், வடிகட்டி மாற்ற இனி நானே போகிறேன் என்று சொன்னேன். "வீட்டுல அவருக்கு முடியலைன்னு சொன்னீங்களே. ஆறு மணிக்கு நீங்க அலைய வேண்டாம்."

அவர் கண் கலங்கிவிட்டது. "பதினாறு வருஷத்துல ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல சார்" என்றார்.

இதைக் குரூரம் என்று எழுதுவீர்கள். யோசித்துப் பாருங்கள், அந்த ஏற்பாட்டால் அவருக்கு தினமும் இரண்டு மணி நேரம் கணவர் பக்கத்தில் கிடைத்தது. அப்போது கணவருக்கு மிச்சம் இருந்த நாள்களுக்கு அது பெரிய நேரம்.

அவர் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் இயந்திரத்தின் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். வீடு ஆற்றங்கரைக் குடியிருப்பில், மரத்தூள் மேட்டிலிருந்து நாலு தெரு. நான் ஒரு முறை போயிருக்கிறேன். நல்ல மனிதர். "என் பொண்டாட்டி என்னையே கிராம் கணக்குல பார்ப்பா சார். நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவு கொறஞ்சேன்னு அவளைக் கேளுங்க" என்றார். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரிப்பவர்.

வியாழக்கிழமை சாயங்காலம் தராசு வந்து கதவருகே நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், மழுப்பாம சொல்லுங்க. இவரை மலைக்கு அந்தப் பக்கம் எங்க அண்ணன் வீட்டுக்குக் கொண்டு போயிடட்டுமா?"

"மெஷினோட ரெண்டு மணி நேரப் பயணம். அது ஆபத்தில்லையா?"

"ஆபத்துதான். டாக்டரும் அதைத்தான் சொல்றார். இங்க காத்து மோசம்னா போயே ஆகணும், இல்லாட்டி அசைக்காதேங்கறார். அதான் கேக்குறேன்."

"என்னை எதுக்குக் கேக்கணும்? உங்க தராசு என்ன சொல்லுது?"

அவர் முகம் தெளிந்தது. "இன்னைக்கு நூத்திப் பதினேழு."

"அப்புறம் என்ன?"

"ஆமா, அப்புறம் என்ன" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பொய் சொன்னதாகக் குற்றப் பத்திரிகையில் போட்டிருக்கிறீர்கள். அந்த உரையாடலில் ஒரு வாக்கியத்தைக் காட்டுங்கள். நான் கேட்டவை நான்கு கேள்விகள். அங்கே ஓர் எண் வந்தது என்றால், அதைச் சொன்னது அவர். அதுவும் தன் கையால் நிறுத்து.

வெள்ளியும் சனியும் ஞாயிறும் ஒழுங்காகப் போயின. காலை ஆறு மணிக்கு நீரேற்று நிலையத்தின் இரும்பு ஏணியில் ஏறுவேன். ஆறே காலுக்கு இறங்குவேன். ஆறரைக்கு அடுப்பு. பத்து மணிக்கு வடிகட்டி எடை அறைத் தட்டில், நல்ல பிள்ளையாக. ஒவ்வொரு நாளும் சூட்டையும் நேரத்தையும் புதிதாகக் கணக்கிட்டேன். ஏனென்றால் புகையின் தன்மை தினமும் கொஞ்சம் மாறியது. பதிவேட்டில் அடுப்பின் சூடும் நேரமும் அப்படியே இருக்கின்றன, பாருங்கள். நான் எதையும் மறைக்கவில்லை. மறைக்க நினைப்பவன் பதிவேட்டில் எழுதமாட்டான்.

தராசுக்கு ஒரு சந்தேகம் வந்தது உண்மை. சனிக்கிழமை வட்டத்தை இடுக்கியால் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், டீ வடிகட்டின துணி மாதிரி இருக்கு. இவ்வளவு நிறம் இருக்கே, எடை எங்க போச்சு?"

"நிறத்துக்கு எடை இல்லை" என்றேன்.

வட்டத்தை வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பினார். "அதுவும் சரிதான். வெக்கப்பட்டுச் சிவந்தா எடை கூடுமா என்ன" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சொன்னது இயற்பியல். ஒரு டம்ளர் தண்ணீரைப் பழுப்பாக்க எவ்வளவு தேயிலை கரைகிறது என்று நிறுத்துப் பாருங்கள். நாளைக்கே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

அதே நாளில் ஆற்றங்கரையிலிருந்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்று செய்தி வந்தது. இயக்குநர் மறுபடியும் கூப்பிட்டார். "ஒண்ணும் விபரீதம் இல்லையே?" என்றார். "பெட்டி, வடிகட்டி, ரெண்டும் ஒத்துப்போகுது. நூத்திப் பதினெட்டு, நூத்திப் பத்தொன்பது. ஒரே ஒரு எண்ணுதான் வித்தியாசம்" என்றேன். இவ்வளவு நன்றாக ஒத்துப்போய் நான் எந்த ஆய்விலும் பார்த்ததில்லை. நாற்பது நகரங்களின் குழுவுக்கு அந்த வரைபடத்தை அன்றைக்கே அனுப்பிவைத்தேன். பாராட்டிப் பதில் எழுதியிருந்தார்கள். அதுவும் உங்கள் கோப்பில் இருக்கும்.

துகள் என்றால் என்ன என்று உங்கள் நிபுணரைக் கேட்டீர்களா? கேட்கவேண்டிய கேள்வி அதுதான். ஒரு சூட்டில் துகளாக இருப்பது இன்னொரு சூட்டில் ஆவி. துகளுக்கு எல்லை கிடையாது, சூட்டுக்குத்தான் எல்லை. எடை அறையில் இருபது டிகிரி வைக்க வேண்டும் என்று யார் தீர்மானித்தது? ஒரு குழு, ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து. மனித உடம்பின் சூடு முப்பத்தேழு. மூச்சோடு உள்ளே போகிற துகளில் ஒரு பகுதி அங்கேயும் ஆவியாகத்தான் போகிறது. நான் வைத்தது நூற்றுப் பத்து. வித்தியாசம் அளவில்தானே ஒழிய வகையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டுநர் இறந்துபோனார். தகவல் திங்கள் காலை வந்தது. நான் போகவில்லை, ஆறு மணிக்கு ஏணி ஏறவேண்டியிருந்தது. பூ அனுப்பினேன். புதன்கிழமை மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டி மேட்டை அணைத்தது. ஒன்பது நாளில் வானொலி சொன்ன மிகப் பெரிய எண் நூற்று இருபத்தெட்டு. ஒருவரைக்கூட வீட்டைவிட்டுக் கிளப்பவில்லை. ஒரு படிக்கட்டிலும் ஒரு கிழவியும் விழவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை தராசு வேலைக்குத் திரும்பினார். நேரே எடை அறைக்குப் போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. பிறகு என் அறைக்கு வந்து, கதவருகே நிற்காமல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைமேல் ஒரு வட்டமான கம்பளித் தகட்டை வைத்தார். பிஸ்கட் அளவு, சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம். தேநீர் நிறம்.

"இது என்ன?"

"ஆக்சிஜன் மெஷின்ல காத்து உள்ள போற இடத்துல போடுறது. புகை கிளம்புறதுக்கு முந்தின நாள்தான் புதுசு மாத்தினேன். மாத்துறதுக்கு முன்னாடி இங்க கொண்டாந்து நிறுத்தேன். பழக்கதோஷம்."

வளையத்தில் அவருடைய பென்சில் எழுத்தில் எடை இருந்தது. ஐந்து தசமம் வரை.

"அவர் போன அன்னைக்குக் கழட்டி வெச்சேன். இப்ப நிறுத்தேன். மெஷின் நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து இழுக்கும்னு பின்னாடியே எழுதியிருக்கு. பெருக்கி, வகுத்தேன். வீட்டுக்குள்ள, கதவு சாத்தி, இருநூத்தி எழுபது வருது சார்."

தகட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"இது ஒண்ணுதான் உங்க கைக்கு வரலை" என்றார்.

அவர் குரல் ஏறவே இல்லை. அவரும் என்னைப் போன்ற ஆள்தான், அளவுகளோடு பேசுகிறவர். அந்தத் தகடு அளவுத்திருத்தம் செய்யப்படாதது, இயந்திரம் இழுத்த காற்றில் பத்து சதவீதமாவது பிழை இருக்கும் என்று சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை.

"இருக்கட்டும் சார். அந்தப் பத்து சதவீதத்தை நீங்களே வெச்சுக்கங்க."

எழுந்து போகும்போது திரும்பினார். "நான் உங்களை நம்பி அவரை அங்க வெச்சிருக்கலை. உங்களை நான் என்னைக்கும் அவ்வளவு நம்பினதில்ல. என் தராசை நம்பினேன்."

அது முற்றிலும் சரி. அவர் என்னை நம்பியிருந்தால் நான் அடுப்பைத் தொட்டே இருக்க மாட்டேன். வாயால் சொல்லியிருப்பேன், வேலை சுலபமாக முடிந்திருக்கும். என்னை நம்பாதவர்களுக்காகத்தான் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. அன்று மதியமே அவர் உங்களிடம் வந்தார். அடுப்புப் பதிவேட்டின் நகலோடு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன், நல்ல ஊழியர்.

நீங்கள் சொல்கிற எண்ணிக்கை முப்பத்தொன்று. வழக்கமாக அந்த ஒன்பது நாளில் அந்தக் குடியிருப்பில் இறக்கக்கூடியவர்களைக் கழித்துவிட்டு மிஞ்சுவது முப்பத்தொன்று. அதுவும் ஒரு கணிப்புத்தான், கவனியுங்கள். அதை நான் மறுக்கவில்லை. மாதிரி சரியாக இருக்கிறது, கழித்த முறையும் சரி. ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்பது வடிகட்டிகளையும் சூடாக்கியது நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாருக்கும் தெரியாது. உண்மையான எடையில் காற்று முதல் நாளிலிருந்தே விதியின் எல்லைக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அந்த எடை வெளியே வந்திருந்தால் புதன்கிழமை மதியத்துக்குள் குடியிருப்பு காலியாகியிருக்கும். ஓட்டுநர் அவர் மைத்துனர் வீட்டில் இருமிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருந்திருப்பார். நாற்பது நகரங்கள் கையைக் கழுவியிருக்கும். பழைய பெட்டிகள் திரும்பி வந்திருக்கும், ஒவ்வொரு பனிக் காலையிலும் ஊர் ஓடியிருக்கும். ஒரு பக்கம் முப்பத்தொன்று. இன்னொரு பக்கம் வருங்காலத்தில் ஓடி விழுந்து சாகப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் கணக்கிட்டீர்களா? நான் கணக்கிட்டேன். இன்றைக்கு அதே வட்டத்தை என் கையில் கொடுத்தாலும் அதே அடுப்பில்தான் வைப்பேன். எங்கே கையெழுத்து வேண்டும், சொல்லுங்கள்.

ஒட்டுநாடாவா?

அது வீட்டு விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சரி, கேட்டுவிட்டீர்கள். கடைச் சீட்டில் இருப்பது உண்மைதான். திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு ஆறு சுருள் வாங்கினேன். ஆமாம், முதல் நாள்தான். முதல் வடிகட்டியை நிறுப்பதற்கு இரண்டு நாள் முன்னால். மொட்டைமாடியிலிருந்து இறங்கி, எண்ணைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே போயிருந்தேன். வீட்டு ஜன்னல் இடுக்குகள், சமையலறைப் புகைபோக்கி, வாசல் கதவின் அடிப்பக்கம், எல்லாவற்றையும் ஒட்டினேன். என் மனைவியும் ஏன் என்று கேட்டாள். சத்தம் என்றேன்.

எங்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். துளைபோடும் இயந்திரம் காலையிலிருந்து மாலை வரை. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது, நெஞ்சு பலவீனம். சத்தம் ஆகவே ஆகாது. அந்த ஒன்பது நாளும் அவரை வாசற்படி தாண்ட விடவில்லை. அவரும் சண்டை போட்டுப் பார்த்தார். "ஏன்டா, ரேடியோல நூத்திப் பதினெட்டுன்னுதானே சொல்றான், பூங்கா வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடறேனே" என்றார். தெரு தோண்டிக் கிடக்கிறது, கால் இடறும் என்றேன். மகன் சொல்ல வேண்டியதைத்தானே சொன்னேன்.

இல்லை, இது எனக்குப் புதிய செய்தி. செவ்வாய்க்கிழமை காலையிலேயே வேலையை நிறுத்திவிட்டார்களா? கண் எரிகிறது என்று மேஸ்திரி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாரா? அவரிடம் சமன்பாடு எதுவும் இல்லை, வெறும் கண்ணை வைத்து முடிவெடுத்திருக்கிறார். ஒன்பது நாளில் எட்டு நாள் எங்கள் தெருவில் ஒரு சத்தமும் இல்லை என்கிறீர்கள். இருக்கலாம். ஜன்னலெல்லாம் ஒட்டியிருந்ததே, நின்றது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்?